‘ஃபார்மட் அடிச்சிரலாமாண்ணா?’: தலையாட்டும் முன் படிக்க வேண்டியது

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கி சிஸ்டத்தைப் போட்டால் நீலத்திரை. தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஒரு தம்பி மூடியைக்கூடக் கழற்றாமல் “ஃபார்மட் அடிச்சிரலாமாண்ணா?” என்றார். விண்டோஸ் இருக்கும் சி டிரைவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தலையாட்டினேன். 500 ரூபாய், இரண்டு மணி நேரம், வேலை முடிந்தது.

அன்று மாலையே ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தார். பழைய டிசைனைத் திறந்தேன். ‘கண்ணீர்’ இருந்த இடத்தில் எஃப், இசட், அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. டிசைன் ஃபைல்கள் டி டிரைவில் பத்திரமாக இருந்தன. ஆங்கில விசை எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பாமினி எழுத்துரு சி டிரைவோடு போய்விட்டது. துக்கத்தில் வந்தவரை முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

மறுநாள் காலை மெயின் சுவிட்சைப் போட்டேன். அதே நீலத்திரை. மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு செல் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். இரவில் மெயினை அணைத்ததும் பயாஸ் (விண்டோஸுக்கும் முன்னால் எழும் அடிப்படை நிரல்) அமைப்புகள் அழிந்து, காலையில் டிஸ்க்கைப் படிக்கும் முறை மாறி, விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியாமல் போயிருக்கிறது. 40 ரூபாய் செல்லுக்காக ஃபார்மட் அடித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு என்னுடையது, அக்கம்பக்கத்தாருடையது, பிராட்வேயில் இருக்கும் மாமா கடை சர்வர் என்று எத்தனையோ முறை இதே வேலை. நீங்கள் புதிதாகக் கை வைப்பதானால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஃபார்மட் ஆறாவது படியில்தான் வருகிறது.

1. மூடியைத் திறந்து பாருங்கள்

டெஸ்க்டாப் என்றால் கரன்ட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். நம் பக்கம் கடற்காற்று. கூடவே கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் வரும் சிஸ்டங்களில் நான் முதலில் பார்ப்பது ரேம்தான். கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட அழிரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்து, தூளைத் துடைத்து, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள். ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை என்ற புகார்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது அந்த செல். கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்பதுதான் அடையாளம். தேதி தப்பாக இருப்பதால் பிரவுசரும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்று அடம்பிடிக்கும். 2032 என்று எண் போட்ட செல், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றியதும் பயாஸில் தேதியைச் சரி செய்யுங்கள். டிஸ்க்கைப் படிக்கும் முறையைக் காட்டும் சாட்டா மோட் என்ற இடத்தில் ஏ.எச்.சி.ஐ. இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் எந்த மோடில் போடப்பட்டதோ அதே மோடில் இருந்தால்தான் பூட் ஆகும். நீலத்திரையில் ‘இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

லேப்டாப் என்றால் திறப்பதற்கு முன் வாரன்ட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் இருக்கும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் தேதி தெரிந்துவிடும். வாரன்ட்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

2. டிஸ்க் சாகிறதா?

விண்டோஸ் தட்டுத்தடுமாறியாவது உள்ளே போகிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்று வந்தால் நல்லது. மஞ்சளில் ‘காஷன்’ வந்தால் அந்த டிஸ்க்கில் மறுபடி விண்டோஸ் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் சோதனையெல்லாம் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு நாலாவது படிக்குப் போங்கள்.

ஒரு பொறி சொல்கிறேன். செக் டிஸ்க் கட்டளையை எல்லோரும் சொல்லித் தருவார்கள். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அதை ஓட்டினால் ஒவ்வொரு மூலையையும் படித்துப் படித்து, மிச்சம் இருக்கிற உயிரையும் எடுத்துவிடும். முதலில் டேட்டா வெளியே வரட்டும், செக் டிஸ்க் பிறகு. நல்ல டிஸ்க்கிலேயே ஒரு டெராபைட்டுக்கு அது பல மணி நேரம் எடுக்கும். பாதியில் அணைக்கவும் கூடாது.

ரேமில் சந்தேகம் இருந்தால் தேடல் பெட்டியில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது எனக்கு இன்னும் வசதி. ரேம் கெட்டிருக்கும்போது விண்டோஸ் போட்டால் பாதியில் ஃபைல் கெட்டுவிட்டது என்று நின்றுவிடும். நீங்கள் பென் டிரைவைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

3. பழுது பார்க்க ஒரு வாய்ப்பு கொடுங்கள்

விண்டோஸ் லோகோ வந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதையே இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை அது தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அதில் ‘ட்ரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. நான் பார்க்கும் வரிசை இது: ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குதல், சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட். நேற்று ராத்திரி அப்டேட் ஆகி இன்று காலை படுத்துவிட்டது என்றால் இரண்டாவதிலேயே பெரும்பாலும் எழுந்துவிடும். நாலுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே போக முடிந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து விண்டோஸ் ஃபைல்களைப் பழுது பார்க்கும் டிஸ்ம் கட்டளையின் ‘ரீஸ்டோர் ஹெல்த்’, அது முடிந்ததும் எஸ்.எஃப்.சி.யின் ‘ஸ்கேன் நவ்’. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. எஸ்.எஃப்.சி. பழுதை ஒட்டப் பயன்படுத்தும் மாற்று ஃபைல்களைச் சரி செய்வதே டிஸ்ம்தான். டிஸ்ம் 62 சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். எனக்கும் அங்கேதான் நின்றது. டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால்தான் மறுநிறுவல்.

4. எடுத்து வைக்க வேண்டியவை

இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான். ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே போங்கள்.

முதலில் காகிதங்கள். வாங்கிய பில். கேபினெட்டிலோ லேப்டாப் அடியிலோ விண்டோஸ் ஸ்டிக்கர் இருந்தால் அதன் ஃபோட்டோ. எந்த மின்னஞ்சல் முகவரியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எந்த போனுக்குப் போகும் என்பது. ஆஃபீஸ் வாங்கியிருந்தால் அதன் கீ அல்லது அது சேர்ந்திருக்கும் கணக்கு. வைஃபை பாஸ்வேர்டு. பிரிண்டரின் சரியான மாடல் எண்.

விண்டோஸ் 11 லேப்டாப் என்றால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீ. “நான் பிட்லாக்கரெல்லாம் போடலையே” என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த புதிய லேப்டாப்களில் ஹோம் பதிப்பில்கூட டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் எதையாவது மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டினாலோ அது கீ கேட்கும். கீ அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் பகுதியில் இருக்கும். கீ கைக்கு வந்த பிறகு பயாஸைத் தொடுங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் லேப்டாப்போடு வந்தாள். கடையில் வாங்கும்போதே அவர்களே ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மின்னஞ்சல் யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கீயும் இல்லை, மூன்று வருடப் படமும் இல்லை. நான் கைவிரித்துவிட்டேன்.

அடுத்தது டேட்டா. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மறந்துபோகிறவை இவை:

எழுத்துருக்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறவர்கள் அந்த ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். என் கதை உங்களுக்கு வேண்டாம்.

டேலி. டேலி பிரைம் தன் கணக்குகளைச் சாதாரணமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டேலி பிரைம், டேட்டா என்ற பாதையில் வைக்கும். டாக்குமென்ட்ஸில் தேடினால் கிடைக்காது. டேலி திறக்கிற நிலையில் இருந்தால் டேட்டா பாதை எது என்று அதிலேயே பாருங்கள், பேக்கப் எடுங்கள், பிறகு லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். சரண்டர் செய்யாமல் ஃபார்மட் அடித்தால் லைசென்ஸ் பழைய நிறுவலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். டேலி பார்ட்னரை போனில் பிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். கையெழுத்து யு.எஸ்.பி. டோக்கனுக்குள் இருப்பதால் அழியாது. ஆனால் டோக்கனை விண்டோஸுக்குப் புரியவைக்கும் டிரைவர், ஜி.எஸ்.டி. தளத்தில் கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் மென்பொருள் எல்லாம் போய்விடும். டோக்கன் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று இப்போதே சோதியுங்கள். திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். மாதம் 20-ம் தேதி நெருங்கும்போது இந்த வேலையையே ஆரம்பிக்காதீர்கள், ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்னின் கடைசி நாளில் எம்சைனரோடு மல்லுக்கட்டிய கணக்கர் ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் அஞ்சல் பெட்டி, ஸ்கேனர் தானாகச் சேமிக்கும் ஃபோல்டர். இவற்றையும் பாருங்கள்.

சரி, விண்டோஸ் எழவே இல்லை என்றால் டேட்டாவை எப்படி எடுப்பது? கமாண்ட் ப்ராம்ப்ட் வழியாக ஒரு குறுக்குவழி இருக்கிறது. பழுதுபார்க்கும் திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். ஃபைல் மெனுவில் ஓப்பன். கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுங்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே எல்லா டிரைவும் தெரியும். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட். இரண்டு விஷயம் கவனியுங்கள். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், உங்கள் சி இங்கே டி ஆகக்கூட இருக்கும். நகலாகும்போது எந்தப் பட்டையும் ஓடாது. பெட்டி உறைந்ததுபோல் நிற்கும். ஹேங் ஆகிவிட்டது என்று அணைத்துவிடாதீர்கள். வெளி டிஸ்க்கின் விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள், போதும்.

அதுவும் முடியாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி சாட்டா–யு.எஸ்.பி. கேபிள் வழியாக வேறு சிஸ்டத்தில் மாட்டுங்கள். நான் வாங்கிய கேபிள் 350 ரூபாய். இதுவரை ஏழெட்டுக் குடும்பத்தின் கல்யாண ஃபோட்டோவை மீட்டிருக்கிறது.

எடுத்து முடித்ததும் நகலிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பெயர் தெரிந்தாலே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

5. பென் டிரைவ் தயார் செய்தல்

8 ஜி.பி. போதும், 16 இருந்தால் நிம்மதி. அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். நடைபாதையில் மலிவாக ‘1 டி.பி.’ என்று விற்கிற பென் டிரைவ்கள் வேண்டாம்; உள்ளே உண்மையில் இருப்பது சில ஜி.பி.தான், நிரம்பியதும் மேலேயே எழுதிக் கெடுக்கும்.

நல்லதாக வாங்க வேண்டுமானால் சென்னையின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுவதைவிட இது மேல். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அதனால் பென் டிரைவ், எஸ்.எஸ்.டி. (வேகமான புதுவகை டிஸ்க்) எதுவானாலும் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிற சிஸ்டம் என்றால் இந்தச் சாக்கிலேயே 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாற்றிவிடுவது என் சொந்த அபிப்பிராயம். நான் வாங்கியபோது 1,900 ரூபாய். விலை ஏறி இறங்கும், நாலு கடை கேளுங்கள். பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள், வாரன்ட்டிக்கு அது இல்லாமல் நடக்காது.

விண்டோஸை மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூல் மூலம் இறக்குங்கள். இலவசம், காசு லைசென்ஸுக்குத்தான். ஐந்து ஜி.பி.க்கு மேல் இழுக்கும், மொபைல் டேட்டா வைத்திருப்பவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ ‘லைட்’ ஆக்கித் தருகிற விண்டோஸ் வேண்டாம்.

10-ஆ 11-ஆ? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு சிஸ்டங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதி, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப்கள் பெரும்பாலும் இதில் தேறாது. அவற்றில் குறுக்குவழியாக 11-ஐத் திணிப்பதற்குப் பதில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுப்பது மேல் என்று நினைக்கிறேன்.

6. நிறுவுதல்

எப்போது? மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9-லிருந்து 2 மணி வரை இருக்கும். முந்தின நாள் செய்தித்தாளில் உங்கள் பகுதி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ்., லேப்டாப் என்றால் சார்ஜர் சொருகியபடி.

பென் டிரைவைச் சொருகி, போடும்போதே பூட் மெனு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா, ஏசர், கிகாபைட் பலகைகளில் பெரும்பாலும் எஃப்12. எச்.பி.யில் எஃப்9. எம்.எஸ்.ஐ.யில் எஃப்11. அசூஸ் டெஸ்க்டாப் பலகையில் எஃப்8, லேப்டாப்பில் எஸ்கேப்.

இங்கே இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் போகாத டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். திரையில் ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்று வரும்போது தூக்கக்கலக்கத்தில் எதை அழிக்கிறோம் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் பேக்கப் எடுத்த டிஸ்க்கையே சொருகி வைத்து அதையே அழித்தார்.

டிஸ்க் பட்டியலே காலியாக வந்தால் பதறாதீர்கள். 11-ம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் இது நடக்கும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் தெரியும். இது தெரியாமல் “எஸ்.எஸ்.டி. போயிருச்சு” என்று புதிதாக விற்றுவிடுகிறவர்கள் உண்டு.

‘ஜி.பி.டி. ஸ்டைல் டிஸ்க்கில் நிறுவ முடியாது’ என்றோ, எம்.பி.ஆர். என்று சொல்லி அதே மாதிரியோ வந்தால் (இரண்டும் டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறைகள்), பென் டிரைவ் தப்பான முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு பெயரில் இருக்கும், யு.இ.எஃப்.ஐ. என்று முன்னால் போட்டதும் போடாததும். மற்றதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், டிஸ்க்கை அழிக்கும் முன்.

பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) அழிக்காமல் பழைய சி-யின் மேலேயே போட்டால், பழையதெல்லாம் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் ஒதுங்கியிருக்கும். எதையாவது மறந்திருந்தால் அங்கே தேடுங்கள். நாள் கடத்தாதீர்கள், சில நாளில் விண்டோஸே அதைச் சுத்தம் செய்துவிடும்.

கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்று தாண்டலாம். ஆனால் பதிப்பு மாறக் கூடாது. லேப்டாப்போடு வந்தது ஹோம் என்றால் ஹோமையே போடுங்கள். லைசென்ஸ் மதர்போர்டோடு பதிந்திருப்பதால் இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்து ஹோம் வாங்கியவருக்கு ‘ப்ரோ போட்டுத் தர்றேன்’ என்று திருட்டு ப்ரோ போட்டுக் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் அநியாயம்.

கடைசியில் வைஃபை தெரியாமல் ‘நெட்வொர்க்கில் இணையுங்கள்’ என்ற திரையில் நின்றுவிட்டால், போனைக் கேபிளில் சொருகி யு.எஸ்.பி. டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் உடனே எடுத்துக்கொள்ளும்.

எஸ்.எஸ்.டி.யில் நிறுவல் அரை மணி நேரம். அப்டேட், டிரைவர், பிரிண்டர் என்று முழுசாக வேலைக்கு வர ஒரு நாள். பேக்கப்புக்குப் பிடித்த நேரம் தனி.

7. முடிந்த கையோடு

அப்டேட்டை முழுதாக ஓடவிடுங்கள். அதன் பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி எங்கே இருக்கிறதோ அதற்கு மட்டும் டிரைவர் போடுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்கள் எதுவும் வேண்டாம். தட்டச்சுக்குத் தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வரும். பழைய எழுத்துருக்களை எல்லாம் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக்கில் இன்ஸ்டால்.

ஆக்டிவேஷன் ஆகவில்லையா? விண்டோஸ் வேலை செய்யும். மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வாசகம் நிற்கும், பின்படம் மாற்ற முடியாது, அவ்வளவுதான். அதற்காக அவசரப்பட்டு ஆக்டிவேட்டர் மென்பொருளை இறக்காதீர்கள். அது கேட்கும் முதல் விஷயமே ‘ஆன்டிவைரஸை அணை’ என்பதுதான். நேர்மையாக வாங்கினால் ஹோம் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். முந்நூறு ரூபாய்க்கு வருகிற கீ என்றைக்கு முடக்கப்படும் என்று சொல்ல முடியாது.

8. கடையில்தான் கொடுப்பேன் என்றால்

தப்பில்லை. எங்கள் பக்கம் 400-லிருந்து 800 ரூபாய் வரை கேட்கிறார்கள். டேட்டா எடுத்துத் தர தனி. கொடுக்கும் முன் நாலு விஷயத்தை ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள்: என்ன டேட்டா வேண்டும், எந்தப் பதிப்பு போடுவார், உள்ளே இருக்கும் ரேம் மற்றும் டிஸ்க்கின் அளவும் சீரியலும், எப்போது கிடைக்கும். “நம்பிக்கை இல்லையாண்ணா?” என்று கேட்பார். “வூட்ல கேப்பாங்க தம்பி” என்று சொல்லிவிடுங்கள், சண்டை வராது. வாங்கும்போது அங்கேயே செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

தப்பாக அழிந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த டிஸ்க்கில் அதற்கு மேல் எதுவும் எழுதவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. என்றால் பெரும்பாலும் கிடைக்காது. அழித்த இடத்தை அதுவே காலி செய்துவிடும்.

9. சர்வர் என்றால்

மாமாவுக்குப் பிராட்வேயில் இரும்புச் சாமான் மொத்தக் கடை. ஐந்து சிஸ்டம், நடுவில் ஒரு சர்வர். டேலியும் பில்லிங்கும் அதில். “நீதான் கம்ப்யூட்டர் பாக்கறியே, வாடா” என்று கூப்பிட்டார். போனேன். மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், ஆனால் பொறிகள் பெரியவை.

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் ஓட்டும் அமைப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். போடும்போது ‘ஃபாரின் கான்ஃபிக்’ என்று எதாவது கேட்டால் ‘கிளியர்’ கொடுக்காதீர்கள்; கொடுத்தால் டிஸ்க்குகளின் பழைய அமைப்பு போய்விடும், ‘இம்போர்ட்’ என்பதே நமக்கு வேண்டியது. டிஸ்க்கைக் கழற்றினால் எந்தக் குழியில் எது இருந்தது என்று மார்க்கரால் எண் போடுங்கள். நிறுவும்போது டிஸ்க் தெரியாவிட்டால் ரெய்டு கன்ட்ரோலர் டிரைவரை ஏற்ற வேண்டும். டெல், எச்.பி. சர்வர்களில் எஃப்10 அழுத்தி அவர்களுடைய நிறுவல் உதவி வழியாகப் போனால் அந்த வேலை மிச்சம்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் திரையில் நான் விழுந்தேன். நாலு வரி இருக்கும். ‘ஸ்டாண்டர்டு’ என்று முதலில் இருப்பதைத் தட்டிவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு கறுப்புத் திரை, ஒரு கமாண்ட் சன்னல், வேறு எதுவும் இல்லை. அது மெனுவே இல்லாத கோர் பதிப்பு என்று பிறகு தெரிந்தது. மெனுவோடு வேண்டுமானால் ‘டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று போட்ட வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் மாற்ற வழி கிடையாது, முதலிலிருந்து மறுபடி. மாமா இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை.

‘எவால்யுவேஷன்’ என்ற சோதனைப் பதிப்பை இறக்கிப் போட்டால் 180 நாள்தான். அதன் பிறகு மணிக்கொரு தரம் தானாக அணைந்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் பலர் நுழைந்து வேலை செய்கிற அலுவலகம் என்றால் அதற்கான லைசென்ஸ் தனி. 120 நாள் சலுகைக் காலம் முடிகிற அன்று காலை எல்லோரும் வெளியே நிற்பார்கள். அதனால் லைசென்ஸ் காகிதம், கிளையன்ட் லைசென்ஸ் எண்ணிக்கை, சர்வரின் சர்வீஸ் எண், மூன்றும் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பழைய விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது; 2016-க்கு 2027 ஜனவரி வரை. போடுவதானால் 2022 அல்லது அதற்குப் பிந்தையது.

எல்லா சிஸ்டத்தின் லாகின் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் அந்த சர்வர்தான், வேறு ஒன்று கிடையாது என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம். அதை அழித்துவிட்டுப் புதிதாக அதே பெயரில் டொமைன் அமைத்தாலும் பழைய சிஸ்டங்கள் அதை அடையாளம் காணாது. எல்லாக் கணக்கையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தெரிந்தவரை வைத்து சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுத்து மீட்பதே வழி. மாமா கடையில் நல்ல வேளையாக டொமைன் இல்லாத சாதாரண வொர்க்குரூப்.

அழிக்கும் முன் இவற்றை போனில் படமெடுத்து வையுங்கள்: சர்வரின் பெயர், ஐ.பி. முகவரி, பகிர்ந்த ஃபோல்டர்களின் பெயர், யாருக்கு என்ன அனுமதி, டாஸ்க் ஷெட்யூலரில் ஓடும் வேலைகள், பிரிண்டர்களின் ஐ.பி. புதிதாக நிறுவும்போது அதே பெயர், அதே ஐ.பி., அதே பகிர்வுப் பெயர் கொடுத்தால் ஐந்து சிஸ்டத்திலும் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு எழுத்து மாறினாலும் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும்.

நேரம்: சனிக்கிழமை கடை மூடிய பிறகு ஆரம்பியுங்கள், ஞாயிறு முழுசும் உங்களுடையது. வெளியாள் வைத்தால் எங்களிடம் 6,000 ரூபாய் கேட்டார்கள், டிஸ்க் விலை தனி. சர்வரைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வடசென்னையில் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்று நமக்குத் தெரியும். மேசை உயரம் கட்டாயம்.

திங்கட்கிழமை கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போய் ஐந்து சிஸ்டத்திலிருந்தும் டேலியைத் திறந்து, கடைசி வவுச்சர் எண் சனிக்கிழமை ராத்திரி எழுதி வைத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பில் பிரிண்ட் எடுங்கள். எங்களுக்கு எல்லாம் சரியாக வந்தது, பில்லிங் பிரிண்டர் மட்டும் ஏ4 அளவுக்குப் போய் நின்றிருந்தது. அதைச் சரி செய்வதற்குள் வெளியே மூன்று தட்டு வண்டிகள் வந்துவிட்டன.